சின்னையாவுக்கு இருபத்திரண்டு ஓட்டு

உலக நாடுகள் கூடி நடத்தும் சபைகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வரும்படி என்னை மலாயாவுக்கு அனுப்பினார்கள். படித்துக்கொண்டு வந்தேன். அதற்கான சான்றிதழ் இன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. தலைமையாசிரியர் நான்தான். சட்டத்தை என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் சொன்னேன். வருகிறவர்கள் பார்க்கலாம், நான் பார்க்க வேண்டியதில்லை.

அப்போது நான் மன்னார்குடியில் சரித்திர ஆசிரியன். மலாயா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் நிறையவில்லை. உலக சபையில் புதிதாகச் சேர்ந்த அந்த நாட்டிலேயே, சுற்றுப்பட்ட நாடுகளின் ஆசிரியர்களுக்கு ஆறு வாரம் வகுப்பு நடத்தினால் பொருத்தமாக இருக்கும் என்று எங்கோ சில பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஜில்லாவிலிருந்து ஒருவர் போகலாம். இங்கிலீஷ் பேசுவான், எதிர்த்துப் பேச மாட்டான் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போய்வந்தால் பதவி உயர்வுக்கு என் பெயர் முன்னால் நிற்கும் என்பதால் நானும் கிளம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததில் அந்த ஆசைக்குப் பெரிய பங்கு உண்டு.

மலாக்காவில் முதல் நாளே வண்டி கவிழ்ந்தது. முழுதாகக் கவிழவில்லை, கஜா பெராங் சாலையில் மூன்று சக்கர சைக்கிள் வண்டியின் சங்கிலி அறுந்து, நானும் என் டிரங்குப் பெட்டியும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். ஓட்டி வந்த சீனர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டியைத்தான் தடவிப் பார்த்தார். அப்புறம் அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, வெளிநாட்டுப் பிரதிநிதி தன் விடுதிக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் ஒற்றை மாட்டு வண்டி இதற்கு எவ்வளவோ தேவலை.

தங்குவதற்கு ஒரு வீட்டில் அறை ஒதுக்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் பிள்ளை என்று காகிதத்தில் பார்த்தபோதே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படத்துக்கு விளக்கு, பிள்ளையின் நெற்றியில் விபூதி. நான் ஒரு பாட்டம் தமிழில் கொட்டினேன். வெயில், வண்டி, சங்கிலி எல்லாம் சொல்லி முடித்தேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூய்மையான இங்கிலீஷில், “மன்னிக்க வேண்டும் மாஸ்டர், எங்களுக்குத் தமிழ் தெரியாது” என்றார்.

அவர்கள் மலாக்காச் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து அங்கேயே குடும்பமாகிப் போனவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. பிள்ளை ஓய்வு பெற்ற குமாஸ்தா. அவர் மனைவி மீனாச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தத் தெருவே அவளைப் பீபி என்றுதான் கூப்பிட்டது. சரோங்கும் நீளச் சட்டையும் கொண்டையுமாக அடுப்படியிலிருந்து வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள். மலாயில் வாத்தியாருக்கு ‘செகு’. அன்றிலிருந்து நான் அவளுக்குச் செகு. அன்றைய குறிப்பேட்டில், ‘மொழியைத் தொலைத்த பரிதாபத்துக்குரிய மக்கள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருப்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை.

மறுநாள் விடியும்போது ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்தேன். பீபி பெலாச்சான் வாட்டிக்கொண்டிருந்தாள். இறால் கூனியை அரைத்துக் காயவைத்த கட்டி அது. அதை மிளகாயோடு இடித்துத் தேங்காய்ப்பால் சோற்றோடு காலையிலேயே வைத்தாள். இட்லிக்கு ஏங்கிய நாக்கு முதல் நாள் முரண்டு பிடித்தது. நாலாம் நாள் நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அவள் பிள்ளையிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். “செகுவின் மூக்கு தோற்றுவிட்டதாம்” என்று பிள்ளை மொழிபெயர்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கேதான் சின்னையாவைப் பார்த்தேன். முழங்கால் வரை மடித்த கால்சட்டை, கையில்லாத பனியன், கரி போட்ட இஸ்திரிப்பெட்டி. டோபி. பிள்ளையின் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தெருவுக்கெல்லாம் துணி வெளுத்துக் கொடுத்தார்.

“பசியாறியாச்சா சார்?” என்று கேட்டார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று கேட்பது அங்கே அப்படித்தான். தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் விசாரித்தேன். திருத்துறைப்பூண்டி போகும் சாலையில், எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு கிராமம். அந்த நிமிஷமே நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னார்குடியில் சலவைக்காரர் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்தான் வருவார், நின்றபடியே பேசிப் போவார். சின்னையா முதல் நாளே எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம், இதைத்தானே சமத்துவம் என்று படிக்க வந்திருக்கிறோம் என்று நானே என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

வகுப்பு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நாங்கள் பதினோரு ஆசிரியர்கள், ஐந்தாறு நாட்டுக்காரர்கள். நடத்தியவர் பனி விழும் ஏதோ தேசத்துத் துரை. நல்ல மனிதர், ஓயாமல் வேர்க்கும். கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு அம்பு இழுப்பார். இந்தக் கட்டம் சுகாதாரம், இது குழந்தைகள், இது தொழிலாளர், இது தபால். எல்லா அம்பும் நடுவில் ஒரு பெரிய கட்டத்துக்குப் போகும். அதற்குள் ‘மனிதன்’ என்று எழுதுவார்.

இரண்டாம் வாரம் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். உலகமெல்லாம் ஒரே முறையில் வானிலை கணிக்கிறார்கள் என்பதை அங்கே விமான மைதானத்தில் காட்டுவதாக ஏற்பாடு. அன்றைக்கு மழை வராது என்று அந்தக் கருவிகள் சொன்னதை எல்லோரும் எழுதிக்கொண்டோம். திரும்பும்போது கொட்டிய மழையில் பஸ் நின்றுபோய், பதினோரு ஆசிரியர்களும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினோம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க் கிழவர் பக்கத்திலிருந்தவரிடம், “படித்தவர்கள் தள்ளினால் இவ்வளவு மெதுவாகத்தான் போகும்” என்றாராம். பர்மாக்காரர் ஒருவருக்கு மலாய் தெரியும், அவர்தான் சொல்லிச் சிரித்தார்.

குருபோங் பக்கம் ஒரு மருத்துவக் கூடத்துக்கும் போனோம். எந்த நாட்டிலிருந்தோ வந்த பால்மாவைக் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பாதிப்பேர். ஒருத்தி என் வேட்டியைப் பார்த்துவிட்டு, “ஐயா ஊர்லேருந்தா வர்றீங்க? அங்க மழ உண்டா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் துரை எங்களைப் புகைப்படத்துக்கு வரிசைப்படுத்தினார். பால்மா டின் நன்றாகத் தெரியும்படி நிற்கச் சொன்னார்.

மூன்றாம் வாரம் துரை ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொருவர் ஊருக்குள் போய், உலக சபை காப்பாற்ற வேண்டிய ஒரு மனிதனைக் கண்டுபிடித்து, அவன் கதையை மனுவாக எழுதிக்கொண்டு வர வேண்டும். கடைசி வாரம் நாங்களே ஒரு போலி உலக சபை கூட்டி அந்த மனுக்களை விசாரிப்போம். சிறந்த மனுவை எழுதியவருக்கு மேல் அதிகாரிகளுக்கு ஒரு தனிக் கடிதம் தருவதாகவும் சொன்னார். பன்னிரண்டு வருஷம் பரீட்சைத்தாள் திருத்தியவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. நான் நேரே கொட்டகைக்குப் போனேன்.

சின்னையாவின் கதை எனக்கு ஏற்கெனவே அரைகுறையாகத் தெரியும். பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர். யுத்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிவிட்டார். மனைவியும் பத்து வயது மகளும் ஊரில். இவர் குடியுரிமைப் பத்திரம் வாங்கிவிட்டால் அவர்களை வரவழைக்கலாம். மகளுக்கு வயது கூடிப்போனால் அவளை விடமாட்டார்கள். சுதந்திரம் வந்த முதல் வருஷத்துக்குள் பதிந்துகொள்பவர்களுக்குச் சலுகை என்று சொல்லியிருந்ததால், மார்க்கெட் அருகே மேசை போட்டு மனு எழுதும் கிராணியிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

“முழுசா சொல்லுங்க சின்னையா. ஒண்ணு விடாம” என்றேன். நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே பேசினார். “கல்யாணம் முடிச்சு அஞ்சு மாசத்துல திரும்பிடலாம்னுதான் சார் போனேன். ஆத்தா விழுந்துட்டா. ஒரு பக்கம் கையும் காலும் போயிருச்சு. யாரு பாக்கறது? இன்னிக்குப் போயிருவா, நாளைக்குப் போயிருவான்னு நாலு வருஷம் சொச்சம் ஓடிப்போச்சு. தூக்கி உக்கார வச்சு கஞ்சி ஊத்தினது நான்தான். அவள எரிச்சு காரியம் முடிச்சுட்டுத்தான் கப்பல் ஏறினேன். மகளுக்கு அப்ப ரெண்டு வயசு.”

“மனுவில் இதெல்லாம் இருக்கா?”

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இல்ல சார். கிராணி, நாலு வருஷம்னு போட்டா கணக்கு ஒதைக்கும், விதிப்படி இங்க இருந்த வருஷம் பத்தாதுன்னாரு. அஞ்சு மாசம்னு போட்டுட்டாரு. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அப்படித்தான். இது எங்கயும் போவாதுல்ல?”

“வகுப்போட சரி” என்றேன்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். அந்த நாலு வருஷம் எனக்கு லட்டு மாதிரி கிடைத்திருந்தது. படுத்துக் கிடக்கும் தாய், கஞ்சி ஊட்டும் மகன், கடலுக்கு அப்பால் கை நழுவிப் போகும் ஒரு தேசம். ‘தாயின் கட்டிலருகே நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததுதான் இம்மனிதன் செய்த குற்றம்’ என்று ஒரு வாக்கியம் எழுதினேன். திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்து நானே உருகினேன். மேலே, சின்னையா, தகப்பனார் பெயர் இன்னது, தொழில் சலவை, கஜா பெராங்கில் இன்னார் வீட்டுப் பின்கட்டு என்று தெளிவாகக் குறித்தேன். எங்கள் பள்ளியில் பெயர் எழுதாத தாளுக்குப் பூஜ்யம். அந்தச் சட்டத்தை நானேதான் கொண்டுவந்திருந்தேன். ஐந்தாவது வாரம் வாசித்துப் பார்த்த துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போலி உலக சபை கூடிய நாள் மண்டபத்தில் காகிதக் கொடிகள் கட்டியிருந்தார்கள். பதினோரு பேருக்கு ஆளுக்கு இரண்டு நாடு. எனக்கு நார்வேயும் பிரேசிலும். இரண்டையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அன்று காலை சின்னையா என் வெள்ளைச் சட்டைக்குத் தனியாகக் கஞ்சி போட்டு, நடுவில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கத் தேய்த்துக் கொடுத்தார். “சார் மேடையில பேசறாரு, நம்ம ஊரு மானம் போவக்கூடாது” என்றார். எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முன் வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையும் வந்திருந்தார். நான் நார்வேயாக எழுந்து நின்று மனுவை வாசித்தேன். நல்ல கட்டுரை கிடைத்தால் வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டுவது வாத்தியார்களுக்கு ஊறிப்போன வழக்கம். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கட்டில் வாக்கியத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஓட்டுக்கு விட்டார்கள். எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். இருபத்திரண்டு நாடுகள் ஒருமனதாகச் சின்னையாவுக்குக் குடியுரிமை வழங்கின. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

தேநீரின்போது முன் வரிசையிலிருந்து ஒருவர் வந்து என் கையைக் குலுக்கினார். குடியுரிமைப் பதிவு இலாகாவில் அதிகாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மிகவும் மரியாதையான மனிதர். “எங்கள் வேலையில் மனிதர்களை மறந்துவிடுகிறோம். உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று கிடைக்குமா?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னையாவுக்கு இனி ஒரு குறையும் இல்லை என்றே நம்பினேன். பிரதியைக் கொடுத்தேன். கொடுக்கும்முன் கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

வீடு திரும்பும் வழியில் பிள்ளை என்னை முன்னால் விட்டுப் பின்தங்கியே நடந்தார். முதுகு வலி என்றார்.

எட்டு நாள் கழித்து, வகுப்பு முடிந்து கப்பலுக்காக நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, சின்னையா பழுப்பு உறையோடு வந்தார். இரண்டு நாள் முன்னால் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பழைய கப்பல் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்களாம். கேள்வி கேட்டார்களாம். இப்போது கடிதம் வந்திருக்கிறது.

“சூராட் வந்திருக்கு சார். இங்கிலீஷ்ல இருக்கு. கிராணிகிட்ட போகாம நேரா உங்ககிட்ட வந்துட்டேன். நல்ல சேதின்னா சார் வாயால கேக்கலாம்னு.”

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். நாலே பத்தி. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம், சத்தியம் செய்து கொடுத்த மனுவில் பொய்த் தகவல். விண்ணப்பதாரர் ஐந்து மாதம் என்று குறிப்பிட்டிருக்க, உண்மையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ‘தாயின் கட்டிலருகே’ இருந்தது தெரியவந்துள்ளது. என் வார்த்தை. மேற்கோள் குறி கூட ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். பொய்ச் சத்தியத்துக்கு வழக்குப் போடாமல் எச்சரித்து விடுவதை அவர் சலுகையாக எண்ண வேண்டும் என்று முடிந்திருந்தது.

தமிழில் சொன்னேன். கட்டில் வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

சின்னையா நின்றபடியே கேட்டார். “நாலு வருஷம்னு யாரு சார் சொன்னது அவங்களுக்கு?”

“தெரியலையே” என்றேன்.

“கிராணி சொல்ல மாட்டான். அவன் பொழப்பே போயிடும்.” சற்று நேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி சார். பெட்டியில மடிப்புக் கலையாம வைங்க” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

அன்று மத்தியானம் பீபி சோறு போட்டாள். குழம்பு வைத்தாள். எப்போதும் எதிரே நின்று இன்னும் கொஞ்சம் என்று கரண்டியை நீட்டுகிறவள், அன்று எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்க்காமல் என்னையே பார்த்து மலாயில் மெதுவாகப் பேசினாள். பிள்ளை ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

“நாங்கள் எந்தக் கப்பலில் வந்தோம், எத்தனை நாள் இருந்தோம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனாலும் எங்களை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாங்களும் எதையாவதுதான் எழுத வேண்டும்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அந்த டோபி எட்டு வருஷமாக இங்கே இருக்கிறான். எனக்கு அவன் மொழி தெரியாது. அவனுக்கு என் மொழி அரைகுறை. அவன் அம்மாவைப் பார்த்த கதை எனக்கும் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். வெளியே சொல்லாதே என்று அவன் என்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. செகுவுக்குத்தான் அவன் மொழி முழுசாகத் தெரியும். அவனே வாயைத் திறந்து சொல்லியும் இருக்கிறான்.”

பிள்ளை தொண்டையைச் செருமினார். “இன்னும் கொஞ்சம் இருக்கிறது மாஸ்டர். அதை நான் மொழிபெயர்க்கவில்லை” என்றார்.

கையைக் கழுவிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். சின்னையா ஒரு மேசை விரிப்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். மனுவை எழுதியது நான், மண்டபத்தில் வாசித்தது நான், பிரதி கொடுத்தது நான். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். விரலை எச்சில் தொட்டுச் சூடு பார்த்தார். விரிப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேய்த்து முடித்தார்.

“எம்பேர எதுக்கு சார் போட்டீங்க? வேற பேரு போட்டிருக்கலாமே.”

பெயரில்லாத தாளுக்கு எங்கள் பள்ளியில் மார்க் இல்லை என்ற அந்த அசட்டுக் காரணத்தைத்தான் சொன்னேன். வேறு காரணம் என்னிடம் இருக்கவில்லை.

“நான் என்ன பரீட்சையா சார் எழுதினேன்?” என்றார்.

கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்டால் அவர்தான் என்னைத் தூக்கிவிட வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்தையும் கொடுக்க வேண்டாம் என்று நின்றேன். அந்த அதிகாரியைப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். தனக்கும் வருத்தம்தான் என்றார். “தெரியாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. நீங்கள் தெரியப்படுத்திவிட்டீர்களே” என்றார். துரையையும் பார்த்தேன். அவர் அங்கேயே கண் கலங்கினார். பிறகு, வகுப்பு எவ்வளவு நிஜமானது என்பதற்கு இது சாட்சி என்று தன் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். மண்டபத்தை விட்டு வெளியே வந்து சாலையோரம் நின்று அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டினேன். நல்லவேளை, தமிழில் திட்டினேன்.

கிளம்பும் நாள் காலை பீபி சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பெலாச்சான் வைத்திருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. சின்னையா என் துணிகளைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் அதே மடிப்பு. கூடவே ஒரு பிஸ்கட் டின். ஒரு பாவாடைத் துணி, ரிப்பன், இரண்டு சோப்பு, மனைவிக்கு ஒரு சரோங்.

“சார் எப்படியும் மன்னார்குடிதானே. பஸ்ல ஒரு எட்டு போயி குடுத்துடுங்க. ஒண்ணு மட்டும். இங்க நடந்தத அங்க சொல்லாதீங்க. நான் பொறுமையா கடுதாசில சொல்லிக்கிறேன். திரும்பி வர முடியாதுன்னா நான் அங்க போயி எதச் செய்யறது? இங்கேருந்தாத்தான் அதுங்க சாப்பிடும்.”

சரி என்றேன். வகுப்போடு சரி என்று சொன்ன அதே வாய்.

ஊர் வந்து சேர்ந்ததும் ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உலக சபையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கரும்பலகையில் கட்டம் போட்டு அம்பு இழுத்தேன். துரையின் கடிதம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. ஆடி மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில் டின்னை எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி பஸ் ஏறினேன்.

சின்னையாவின் மனைவி நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், ஆள் அனுப்பியதும் சேற்றுக் காலோடு வரப்பில் ஓடிவந்தாள். டின்னைக் கையில் வாங்காமல், முதலில் வாய்க்காலில் கையைக் கழுவினாள். மகள் அப்பாவை உரித்துவைத்திருந்தாள். பாவாடைத் துணியை விரித்துப் பார்த்துவிட்டு மூக்கில் வைத்து மோந்தாள். இஸ்திரி போட்ட கரி வாசனை இருந்திருக்க வேண்டும்.

“நல்லாருக்காருங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“நல்லாருக்கார்.”

“எங்கள எப்பங்க கூப்புடுவாரு? பேப்பரு வந்துருச்சுங்களா?”

அவள் முகத்தில் எட்டு வருஷம் இருந்தது. நான் சரித்திர ஆசிரியன். ஒரு தாளில் ஒரு பொய் வருஷத்தைப் பொறுக்க முடியாதவன். வரப்பில் நின்றுகொண்டு, அந்தக் கிராணி எழுதியதையே எழுத்து மாறாமல் சொன்னேன்.

“அஞ்சு மாசம்.”

“எந்த மாசத்துலேருந்து சார் எண்ணணும்?” என்று மகள் கேட்டாள்.

“வர்ற மாசத்துலேருந்து.”

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விரலை மடக்கினாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஐந்து விரலும் மடங்கியதும் அந்தக் கையை அம்மாவிடம் நீட்டிக் காட்டினாள்.

“அப்ப பொங்கலு அப்பாகூடதாம்மா” என்றாள்.